மாரி விடுமுறை: எழுவான்கரை, படுவான்கரை

டிசம்பர் 21, 2024, சனி

காலை ஏழு மணிக்குக் கண்டியில் மட்டக்களப்பு பஸ் ஏறினேன். மடியில் ஒரு பை, காலடியில் ஒரு பை. பேராதனையில் எங்கள் வளாகத்துக்குப் பக்கத்தில் தொடங்குகிற ஏ5 வீதி, பதுளையைச் சுற்றிக்கொண்டு போய்ச் செங்கலடியில்தான் முடிகிறது. முதலாம் வருடத்தில் இதை அறிந்த நாளிலிருந்து அந்தச் சந்தியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஊர் ஞாபகம் வரும். பஸ் அந்த வழியால் போவதில்லை. மகியங்கனைக்கு இறங்கி, பதியத்தலாவையில் போய்த்தான் ஏ5 வீதியைப் பிடிக்கும்.

பதினெட்டு வளைவில் பஸ் ஒவ்வொரு திருப்பமாக இறங்க இறங்க, காது அடைத்து அடைத்துத் திறந்தது. மேலே சுவெற்றர் போட்டிருந்தவர்கள் மகியங்கனைக்கு வருமுன்பே கழற்றிவிட்டார்கள். மகாஓயாவில் தேத்தண்ணி. அதற்கப்புறம் காடு. காடு முடிகிற இடத்தில் கரடியனாறு. தமிழ்ப் பெயர்ப்பலகைகளும், வரம்பில் ஒற்றைக்காலில் நிற்கிற கொக்குகளும் அங்கேயிருந்துதான் தொடங்குகின்றன. ஆனால் இந்த முறை வீதிக்கு இரண்டு பக்கமும் பார்த்தபோது மனது சரியாக இல்லை. பச்சையாய்க் கிடக்க வேண்டிய வயலில் பாதி, சேற்றுநிறத்தில் கிடந்தது. கடந்த மாதக் கடைசியில் வந்த வெள்ளம் அப்படிச் செய்துவிட்டுப் போயிருக்கிறது.

கல்லடி வீட்டு வாசலில் அம்மா நின்றாள். கால் கழுவத் தண்ணீர், துவாய், உடனே சோறு. மூன்று மாதத்துக்குப் பிறகு அம்மாவின் புளியாணம். இன்றைக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

முழுநாளும் மழை. அப்பாவோடு சந்தைக்குப் போனேன். மீன் விலை கேட்டு அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் இறால் மட்டும் வாங்கினோம். திரும்பும்போது பழைய கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றோம். 1920-களில் கட்டிய இரும்புப் பாலம். 2013-இல் பக்கத்தில் புதிய பாலம் வந்த பிறகு பெரிய வாகனமெல்லாம் அதில்தான் போகிறது. அப்பா சின்ன வயதில் நிலவு நாளில் தோணியில் வந்து, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்டவராம். இன்றைக்கு மழைச்சத்தத்துக்கு மேலே ஒன்றும் கேட்காது. இருந்தாலும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடியே நின்றார். நானும் நின்றேன்.

டிசம்பர் 23, திங்கள்

இன்றைக்கு மண்டூர்.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். வாவிக்குக் கிழக்கே கடலோரத்து நிலம் எழுவான்கரை, சூரியன் எழுகிற பக்கம். மேற்கே வயல்நிலம் படுவான்கரை, சூரியன் படுகிற பக்கம். என் அம்மா எழுவான்கரை, அப்பா படுவான்கரை. அதனால் எனக்கு உறவு பார்க்கப் போவதென்றாலே தண்ணீரைக் கடப்பதுதான்.

பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போகலாம். மண்முனையிலும் 2014-இல் பாலம் வந்துவிட்டது. ஆனால் நான் எப்போதும் குருமண்வெளியில் இறங்கிப் பாதையில்தான் போவேன். வெளியூரார் இதைப் படகு என்பார்கள். எங்களுக்கு அது பாதை. மிதவைகளின் மேல் ஒரு தளம், சுற்றிக் கம்பி, பக்கத்தில் ஒரு இயந்திரம். அவ்வளவுதான். இன்றைக்கு அதில் ஏழெட்டு மோட்டார் சைக்கிள், வெள்ளைச் சட்டையோடு ஒரு ஆசிரியர், இரண்டு யூரியா மூடை, ஒரு தாயும் கைக்குழந்தையும், நான். குழந்தைக்கு மழை படாமல் ஆசிரியர் தன் குடையைக் கொடுத்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு நின்றார். நடுவாவிக்கு வந்ததும் எல்லோரும் தானாகவே பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். இயந்திரச் சத்தமும் தளத்தில் மழை விழுகிற சத்தமும் மட்டும். வாவித் தண்ணீர் இன்னும் மண்நிறமாகத்தான் இருக்கிறது.

இறங்கியதும் கோயில் வாசலில் நின்று கும்பிட்டேன். மண்டூர் முருகனுக்கு இங்கே வாய் கட்டித்தான் பூசை. திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று நாங்கள் கேட்பதில்லை. ஊரில் இதைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள்.

அப்பப்பா விறாந்தையில் இருந்தார். எழுபத்தெட்டு வயது. "எப்ப மனே வந்த?" என்று கேட்டார், பதிலுக்குக் காத்திராமல், "வயலப் பாத்தியா வரக்குள்ள?" என்றார். பாதையால் வந்தவன் வயலைப் பார்த்திருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அவருக்கு அதைத்தான் கேட்கத் தோன்றியிருக்கிறது.

மாமி பிட்டு அவித்தாள். விரால்மீன் குழம்பு. சாப்பிட்டதும் மாமாவோடு வட்டைக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் பல பேருடைய வயல் சேர்ந்த வெளியை வட்டை என்பார்கள். அதற்குத் தண்ணீர் பார்க்க, விதைப்புத் திகதி சொல்ல ஒரு வட்டவிதானை இருப்பார். வயலில் நிற்கிற பயிருக்குப் பெயரே வேளாண்மை. "வேளாண்மை எப்படி?" என்று கேட்டால், அது நெற்பயிரைப் பற்றிய கேள்வி.

மாமா ஐப்பசியில் பிஜி 94-1 விதைத்திருந்தார். மூன்றரை மாத நெல். ஒரு மாதப் பயிராக நின்றபோது வெள்ளம் ஏறி, ஆறு நாள் நுனி தெரியாமல் மூடிவிட்டது. விரிவுரையில் எங்களுக்கு இதைப் படிப்பித்தார்கள்: தண்ணீருக்குள் மூழ்கிய நெல், மூச்சுக்காகத் தன்னிடமிருக்கிற மாப்பொருளை எல்லாம் செலவழித்து மேலே நீளப் பார்க்கும். கலங்கல் தண்ணீரென்றால் வெளிச்சமும் கிடைக்காது. வடிந்த பிறகு நிமிர்ந்து நிற்கப் பலமிருக்காது, அப்படியே படுத்துவிடும். பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கின விடயம். இன்றைக்கு அதை மாமாவின் வயலில் குனிந்து பார்த்தேன். ஒரு பயிரைப் பிடுங்கினேன். வேர் கறுத்திருந்தது, தாள் விரலில் வழுகியது. நடுக்குருத்தை இழுத்தால் கையோடு வந்துவிட்டது. அழுகல் மணம். மாமா பக்கத்தில் நின்று, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்தார். மேட்டுப்பக்கத்தில் ஒரு அரை ஏக்கர் தப்பியிருக்கிறது. அங்கே புதுவேர் வெள்ளையாக இருந்தது. "இது வரும் மாமா" என்று அதை மட்டும் சொன்னேன்.

பள்ளப்பக்கத்தை மறுபடி உழுது, போன கிழமை பிஜி 300 விதைத்திருக்கிறார். மூன்று மாத நெல், அதனால் பிந்தி விதைத்தாலும் தண்ணீர் முடியுமுன் வெட்டலாம். விதைநெல் கடனுக்கு வாங்கியது. உழவுக்கூலி இரண்டாம் முறை. மாமா கணக்கைச் சொல்லிக்கொண்டே வரம்பில் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

இரவு வாடியில், வயல்குடிசையில், தங்கினோம். மாமா, மச்சான், நான். மச்சான் பரணில் ஏறிக் காவல். ஒரு மணி அளவில் தூரத்து வரம்பில் ஆட்கள் கூவுகிற சத்தம், ரோர்ச் வெளிச்சம், பிறகு யானைவெடி. அப்பப்பா வாயிலிருந்து இரவில் யானை என்ற சொல் வராது, பெரியவர் என்பார். மாமாவும் அப்படித்தான், "பெரியவர் மேற்கால போறார்" என்றார். ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தோம். எங்கள் பக்கம் வரவில்லை.

தூக்கம் வராமல் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மாமா முகத்துவாரக் கதைக்கு வந்தார். மாரியில் குளங்களும் ஆறுகளும் வாவிக்குள் வந்து கொட்டும். முகத்துவாரத்தில், வாவிக்கும் கடலுக்கும் இடையில் கோடைகாலத்து அலை போட்ட மணல்மேடு அடைத்துக்கொண்டிருக்கும். அதை வெட்டிவிட்டால்தான் தண்ணீர் கடலுக்குப் போகும். பெக்கோ இயந்திரத்தால் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே அறுத்துக்கொண்டு ஒரு நாளுக்குள் ஆறு மாதிரி ஆகிவிடும். எப்போது வெட்டுவது என்பதைக் கூடிப் பேசித்தான் முடிவெடுப்பார்கள். "ரெண்டு நாள் முந்தி வெட்டியிருந்தா எண்ட வேளாண்மை தப்பியிருக்கும். உண்ட சித்தப்பாட்டச் சொல்லு" என்றார்.

சித்தப்பா கோட்டைக்கல்லாறு. வாவியில் மீன்பிடி. அவர் ஒருவர் சொல்லி முகத்துவாரம் வெட்டாமல் விடப்பட்டது என்று மாமா நினைக்கவில்லை. ஆனால் மாமாவுக்குத் தெரிந்த மீன்காரர் அவர் ஒருவர்தான்.

டிசம்பர் 25, புதன்

காலையில் அதே பாதையில் திரும்பி, குருமண்வெளியிலிருந்து கோட்டைக்கல்லாற்றுக்கு பஸ். அம்மம்மா வீடு. வேதக்காரச் சிநேகிதன் ஒருவன் வீட்டிலிருந்து நத்தார் கேக் வந்திருந்தது. அம்மம்மா அதை எனக்காகத் தட்டு மூடி வைத்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் வீடுவளவு பெண்பிள்ளைகளுக்குத்தான். கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போவான். அம்மாவின் மூத்த அக்காவுக்குக் கடல்பக்கத்து வளவு, அம்மாவுக்குக் கல்லடியில், கடைசியாக இருந்த சின்னம்மாவுக்கு இந்த வீடு. அம்மம்மா சின்னம்மாவோடு. மூத்த பெரியம்மாவின் வளவில் இப்போது அத்திவாரம் மட்டும் இருக்கிறது. அதைப் பற்றி நாளைக்கு.

சித்தப்பா வலை பொத்திக்கொண்டிருந்தார். மாமா சொன்னதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று ஒரு கணம் பயமாக இருந்தது. அவர் ஊசியை நிறுத்தவில்லை. "அவர் சொல்றது சரி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் சொல்றதும் சரிதான் மனே" என்றார். மறுகா விளக்கமாகச் சொன்னார். முந்தி வெட்டினால் வாவி ஒரே இழுவையில் வற்றும், வளராத இறால் அந்த இழுவையில் கடலுக்குப் போய்விடும், தோணி தரைதட்டும், கடல் பெருகும்போது உப்பு உள்ளே வரும். அவருடைய ஒரு வருட உழைப்பில் பெரிய பங்கு இந்த இரண்டு மூன்று மாதத்தில்தான். வலையில் ஒரு கண்ணைக் காட்டினார். வெள்ளத்தில் வந்த மரக்கொப்பு கிழித்த இடம், என் தலை போகிற அளவு ஓட்டை. அந்த வெள்ளத்தில் அவரும் பத்து நாளுக்கு மேல் தொழிலுக்குப் போகவில்லை.

நான் படுவான்கரையில் இரண்டு இரவும் எழுவான்கரையில் ஒரு பகலும் இருந்துவிட்டு யோசிக்கிறேன். இந்த வருடம் போல வானம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிற மழைக்கு முந்தி வெட்டத்தான் வேண்டும் என்று என் மனம் சொல்கிறது. நெல் ஆறு நாள் தாங்காது. ஆனால் அப்படி வெட்டுகிற வருடத்தில் வாவிக்காரரின் நட்டத்துக்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும். வயலுக்கு நட்டஈடு என்று ஒரு படிவமாவது நிரப்பலாம். ஓடிப்போன இறாலுக்கு எந்தப் படிவத்தில் எழுதுவது? இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். "படிச்சிப்போட்டு வந்து நீ எழுது" என்றார். எழுதத்தான் வேண்டும்.

டிசம்பர் 26, வியாழன்

சுனாமி வந்து இருபது வருடம். அப்போது எனக்கு ஒரு வயது. ஞாபகமென்று ஒன்றுமில்லை.

ஒன்பது இருபத்தைந்துக்குக் கடற்கரையில் எல்லோரும் எழுந்து நின்றோம். இரண்டு நிமிடம். ஊரே நின்றது. வீதியில் வந்த பஸ்ஸும் நின்றது. பெரியம்மாவையும் அவளுடைய மகனையும் அன்றைக்கு எடுத்தது இந்தக் கடல்தான். அண்ணாவுக்கு ஆறு வயது. அவர்கள் இருந்த வளவு இங்கேயிருந்து எட்டி நடந்தால் நூறு அடி வராது. சின்னம்மா அத்திவாரத்தில் விளக்கு வைத்தாள். காற்றில் நிற்கவில்லை. சித்தப்பா தன் சட்டையை விரித்து மறைத்துக்கொண்டு குந்தியிருந்தார், எண்ணெய் தீரும்வரை.

வீட்டுக்கு வந்ததும் அம்மம்மா கிணற்றடிக்குப் போனாள். வாளியை விட்டு அரைவாளி தண்ணீர் அள்ளினாள். கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தாள். மறுபடி ஏந்தி என்னிடம் நீட்டினாள். "எப்பிடி மனே?"

"நல்லா இரிக்கி அம்மம்மா."

சின்னம்மா பிறகுதான் எனக்குச் சொன்னாள். ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் இதைச் செய்கிறாளாம். கடல் வந்து போன பிறகு கிணறு முழுக்க உப்பும் சேறும். பம்ப் வைத்து இறைத்தார்கள். இறைக்க இறைக்க இன்னும் உப்பு. முதல் வருடம் வாயில் வைக்க முடியவில்லை. இரண்டாம் வருடமும் துப்பினாளாம். அப்புறம் மெல்ல மெல்ல.

இதன் காரணம் எனக்குத் தெரியும். கல்லாறு ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற ஒடுக்கமான மணல்துண்டு. மாரி மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத்தண்ணீருக்கு மேலே மிதக்கும். நன்னீர் பாரம் குறைந்தது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே நாற்பது அடி அளவுக்கு நன்னீர் தாங்கி நிற்கும் என்பது கணக்கு. அதை மேலேயிருந்து வேகமாக இறைத்தால் அடியிலுள்ள உப்பு ஏறிவரும். விட்டுவிட்டால் ஒவ்வொரு மாரியும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கீழே தள்ளும். இருபது மாரி பெய்திருக்கிறது.

இதையெல்லாம் அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டாள். மாமாவின் வயலை அழித்ததும் இந்த மாரிதான், இந்தக் கிணற்றைக் கழுவித் தந்ததும் இந்த மாரிதான் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உண்ட பெரியம்மாக்கு இந்தத் தண்ணிதான் விருப்பம். தேத்தண்ணிக்கு வேற தண்ணி சரிவராது எண்டுவாள்" என்றாள்.

பின்னேரம் இந்தத் தண்ணீரில்தான் தேத்தண்ணி போட்டோம்.

டிசம்பர் 28, சனி

நேற்று அம்மம்மா விடவில்லை. இன்றைக்குத் தெற்கே தம்பிலுவிலுக்கு, பெரியப்பா வீட்டுக்கு. அப்பாவின் அண்ணா, அங்கே கல்யாணம் முடித்துப் போனவர்.

பெரியநீலாவணையிலிருந்து அம்பாறை மாவட்டம். 1961-இல்தான் பிரித்தார்கள். அம்மம்மாவுக்கு இன்னும் எல்லாம் மட்டக்களப்புத்தான். இந்தக் கரையோர வீதியில் ஊர்கள் ஒன்றுவிட்டு ஒன்று வருகின்றன: மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். தமிழூர், முஸ்லிம் ஊர், பிறகு தமிழூர். பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். மருதமுனையில் இறங்கி அப்பப்பாவுக்குக் கைத்தறிச் சாறன் ஒன்று வாங்கினேன். கடை நானா விரித்துக் காட்டிவிட்டு, "வயசான ஆளா? அப்ப இந்தக் கட்டம் எடுங்க தம்பி, மெதுவாயிரிக்கும்" என்று வேறொன்றை எடுத்துத் தந்தார். விலையும் அதைவிடக் குறைவு.

காரைதீவு, விபுலானந்த அடிகள் 1892-இல் பிறந்த ஊர். அங்கேயிருந்து அம்பாறைக்குத் திரும்புகிற வீதியில் மாவடிப்பள்ளி. போன மாத வெள்ளத்தில் மத்ரசாவிலிருந்து வீட்டுக்குப் போன பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் அந்த வீதியில்தான் இழுபட்டுப் போனது. பஸ் சந்தியைத் தாண்டும்போது எனக்குப் பக்கத்தில் இருந்த உம்மா ஒருத்தி முக்காட்டை இழுத்துவிட்டு, உதடு அசைய ஏதோ ஓதினார். நான் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

பெரியப்பா வீட்டில் அக்காவின் பிள்ளைகள் என்னை விடவேயில்லை. எருமைத் தயிர், மீன்பொரியல், பாலாணம். பின்னேரம் திருக்கோயில் முருகன் கோயிலுக்கு நடந்து போனோம். கோயிலுக்கு முன்னாலேயே கடல். சின்னவள் அலைக்குக் கிட்டப் போகிற நேரமெல்லாம் அக்காவின் கை தானாக நீண்டு அவளுடைய சட்டையைப் பிடித்தது. அக்கா என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள், திரும்பியும் பார்க்கவில்லை.

டிசம்பர் 30, திங்கள்

அக்கரைப்பற்றில் கண்டி பஸ். சாறன் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. தைப்பொங்கலுக்கு வரும்போது கையில் கொடுக்க வேண்டும். அம்பாறை தாண்டும்போது மச்சான் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பள்ளப்பக்கம், பிஜி 300. சேற்றுக்கு மேலே ஊசி ஊசியாய்ப் பச்சை. பெரிதாக்கிப் பார்த்தேன். ஓர மூலையில் தண்ணீர் நிற்பது போலத் தெரிந்தது. உடனே அழைத்து, அந்த மூலை வரம்பை வெட்டிவிடச் சொன்னேன். "வெட்டிட்டு இருக்கன்" என்றான். பின்னால் மண்வெட்டிச் சத்தமும், யாரிடமோ மழையைப் பற்றிப் பேசுகிற அப்பப்பாவின் குரலும் கேட்டன.